பழைய மிரர் பாய்மரப் படகை வீட்டுலயே சரி பண்றது எப்படி (நான் சொதப்பினதையும் சேர்த்து)

மிரர்னு ஒரு சின்ன பாய்மரப் படகு இருக்கு. இங்கிலாந்துல நிறைய ஏரிக்கரைல ஏதாவது ஒரு மூலைல சிவப்பு பாயோட ஒண்ணு நிக்கும், இல்லன்னா யாரோ ஒருத்தர் தோட்டத்துல செடி மண்டிக் கிடக்கும். 1963 லண்டன் போட் ஷோல அறிமுகமானது. டெய்லி மிரர் பேப்பர்காரங்க ஸ்பான்சர், அதான் அந்தப் பேரு, அதான் அந்தச் சிவப்பு. ஜாக் ஹோல்ட்ங்கற படகு டிசைனரும், டிவில வீட்டு ரிப்பேர் சொல்லிக் குடுத்துட்டு இருந்த பேரி பக்னெலும் சேர்ந்து பண்ணது. கிட்டா (வெட்டின பலகையும் சாமானும் சேந்த செட்) வாங்கி கராஜ்ல யார் வேணா கட்டிக்கலாம், அப்போ விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். இதுவரைக்கும் 70,000-க்கு மேல கட்டியிருக்காங்க, அதுல பாதி தோட்டத்துலதான் மக்கிட்டு இருக்கோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

என்னோடது அப்படிக் கிடந்த ஒண்ணு. ரெடிங் பக்கத்துல ஒரு வீட்டுல "எடுத்துட்டு போனா போதும்"னு குடுத்தாங்க. மேல போட்டிருந்த தார்ப்பாய் கிழிஞ்சு உள்ள முழுக்க மழைத்தண்ணி, எலையெல்லாம் ஊறி கருப்பு டிகாஷன் மாதிரி இருந்துச்சு. கயிறு கட்டறது, கார் மேல ஏத்தறது எல்லாம் நான் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும். நேரா வேலைக்குப் போயிடலாம்.

படி 1: எங்க மக்கியிருக்குன்னு கண்டுபிடிங்க

முதல்ல ஒரு விஷயம். மரப்படகுக்கு எதிரி கடல் தண்ணி இல்ல, மழைத்தண்ணி. உப்புத்தண்ணில மரத்த மக்க வைக்கற பூஞ்சைக்கு அவ்வளவா வளர வராது, நல்ல தண்ணி தேங்கினா கொண்டாட்டம். அதனால கடல்ல ஓடின படகவிட தோட்டத்துல சும்மா கிடந்த படகுதான் மோசமா இருக்கும்.

ஸ்க்ரூ டிரைவரோட பிளாஸ்டிக் கைப்பிடிய வெச்சு ஒவ்வொரு அங்குலமா தட்டிட்டே வாங்க, பானை வாங்கறப்ப சுண்டிப் பாப்போமே அந்த மாதிரி. நல்ல ப்ளைவுட் 'டக் டக்'னு கேக்கும், மக்கினது 'தொப்'புன்னு செத்த சத்தம் குடுக்கும். சந்தேகம் வந்த இடத்துல குத்தூசியால ஒரு குத்து. கேக்குல எறங்கற மாதிரி எறங்குச்சுன்னா சுத்தி பென்சில்ல வட்டம் போட்டுடுங்க. முக்கியமா பாக்க வேண்டிய எடங்கள்: பின்பலகையோட ரெண்டு கீழ் மூலை, நடுவுல டேகர் போர்டு (படகு பக்கவாட்டுல நழுவாம இருக்க தண்ணிக்குள்ள எறக்கற பலகை) எறங்கற பெட்டி தரையோட சேர்ற இடம், அப்புறம் பக்கத்துல இருக்கற காத்து டேங்குகளோட (கவுந்தாலும் படக மிதக்க வைக்கற காலிப் பெட்டிங்க) உள் அடிப்பகுதி. கடைசிது வெளிய தெரியவே தெரியாது, மூடிய கழட்டி கைய விட்டு தடவித்தான் பாக்கணும். எனக்கு இடது டேங்க்ல உள்ளங்கை அளவு, பின்பலகைல ஒரு மூலை முழுசும் போயிருந்துச்சு.

ஒழுகற இடம் தெரியணும்னா படக ரெண்டு ஸ்டூல் மேல நிமித்தி வெச்சு உள்ள ஒரு மூணு இன்ச் தண்ணி விட்டு, கீழ படுத்துட்டு எங்க சொட்டுதுன்னு பாருங்க. ஆனா இத காய வைக்கறதுக்கு முன்னாடியே பண்ணிடணும், நான் காய வெச்சப்புறம் பண்ணிட்டு மறுபடி மூணு வாரம் காத்திருந்தேன்.

படி 2: காய வைங்க. இன்னும் காய வைங்க.

ஈரமான மரத்துல எபாக்ஸி (ரெண்டு திரவத்த கலந்தா கெட்டியாகற பசை) ஒட்டாது, ஒட்டற மாதிரி நடிக்கும். மூடி எல்லாத்தையும் கழட்டி, படக கவுத்து, கீழ கொஞ்சம் காத்து போற மாதிரி தூக்கி வெச்சு, ஒரு சின்ன ஃபேன் போட்டு விட்டுடுங்க. ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு கீழ வரணும்னு சொல்லுவாங்க. அதுக்குன்னு விக்கற மீட்டர் மேல் தோலத்தான் சொல்லும், அதனால நான் வேற மாதிரி பண்ணேன்: வீட்டுல எடை பாக்கற மெஷின்ல படகோட ஒரு முனைய வெச்சு எவ்வளவு, அடுத்த முனைய வெச்சு எவ்வளவு, ரெண்டையும் கூட்டி வாராவாரம் செவுத்துல எழுதி வெச்சேன். மிரரோட ஹல் (பாய், கம்பி எல்லாம் இல்லாத வெறும் படகு உடம்பு) எடை 45.5 கிலோன்னு கணக்கு, என்னோடது வந்த அன்னிக்கு 58 காமிச்சுது. ஆறாவது வாரம் 51-ல நின்னுச்சு, அதுக்கப்புறம் ரெண்டு வாரம் அசையல, சரி இதுக்கு மேல தண்ணி இல்ல, மிச்சம் பழைய பெயிண்ட் வெயிட்டுன்னு முடிவு பண்ணேன்.

படி 3: பழைய பெயிண்ட்

இதுல எனக்கு ஸ்ட்ராங்கான கருத்து இருக்கு. எல்லாரும் முதல் வேலையா சாண்டர் மெஷின் வாங்கறாங்க, வேண்டாம். கார்பைட் பிளேடு போட்ட கை ஸ்க்ரேப்பர் ஒண்ணு வாங்குங்க, இருபது பவுண்டுக்குள்ள வரும், ஹீட் கன் லேசா காட்டிட்டு இழுத்தா சப்பாத்தி மாதிரி சுருண்டு வரும். அறுபது, எழுபதுகள்ல கட்டின படகுல ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கலாம், அத மெஷின் போட்டு தூளாக்கி மூச்சுல இழுக்கறது நல்லதில்ல. டெஸ்ட் கிட் கடைல கிடைக்கும், ஈயம்னு காமிச்சா ஹீட் கன்ன வெச்சுட்டு தண்ணி தொட்டு உப்புத்தாள் போட்டு தேய்ங்க, நல்ல மாஸ்க் கட்டாயம், குழந்தைங்க பக்கத்துல வேண்டாம்.

சுரண்டிட்டு வரப்போ மூட்டு ஓரமா வரிசையா சின்னச் சின்ன செம்புப் புள்ளி தெரியும், சிலது பச்சை பூத்திருக்கும். பயந்துடாதீங்க, அது ஆணி இல்ல. இந்தப் படகோட பலகைங்கள செம்புக் கம்பியால தச்சு, மேல ஃபைபர் கிளாஸ் டேப் போட்டு ஒட்டியிருக்காங்க, தச்சப்புறம் கம்பிய வெட்டி அப்படியே உள்ள விட்டுட்டாங்க. எனக்கு இது பாத்தப்ப ஒரே ஆச்சரியம், ஏன்னா மெட்ராஸ்ல துறைமுகம் வரதுக்கு முன்னாடி கப்பல்லேந்து ஆளையும் சரக்கையும் கரைக்கு கொண்டு வந்த மசூலா படகும் தச்ச படகுதான், தேங்காய் நார்க் கயிறால. அலை மோதறப்போ உடையாம வளைஞ்சு குடுக்கணும்னு அப்படி. நம்ம ஊர்ல நூத்துக்கணக்கான வருஷம் பண்ணினத இவங்க கம்பிலயும் ரெசின் பசைலயும் பண்ணியிருக்காங்க. சரி, விஷயத்துக்கு வரேன்.

படி 4: மக்கினத வெட்டி எடுத்து புதுசு வைக்கறது

பாவம் பாக்காதீங்க. மக்கின எடத்த தாண்டி நல்ல மரத்துல ரெண்டு இன்ச் உள்ள போய் வெட்டுங்க. புதுத் துண்டுக்கு 5 எம்.எம் மரைன் ப்ளை, பி.எஸ். 1088 (மரைன் ப்ளைக்கான பிரிட்டிஷ் தரம்) முத்திரை இருக்கறதா பாத்து வாங்குங்க, சாதா ப்ளை போட்டா நாலு வருஷத்துல மறுபடி இதே வேலை.

வெளிய தெரியற இடம்னா ரெண்டு ஓரத்தையும் சாய்வா சீவி ஒண்ணு மேல ஒண்ணு உக்கார வைக்கணும், சாய்வோட நீளம் கனத்தப் போல எட்டு மடங்கு, அதாவது 5 எம்.எம் ப்ளைக்கு 40 எம்.எம். கூரான இழைப்புளி இருந்தா ப்ளையோட அடுக்குங்க கோடு கோடா தெரியும், அந்தக் கோடு நேரா இருந்தா சாய்வும் சரியா இருக்குன்னு அர்த்தம். டேங்க் உள்ள மாதிரி யாரும் பாக்காத எடத்துக்கு இவ்வளவு தேவையில்ல, பின்னாடி அதே கனத்துல ஒரு பட்டை வெச்சு ரெண்டு பக்கமும் சேத்து ஒட்டிடுங்க. ஆசாரி யாராவது பாத்தா திட்டுவாரு, ஆனா தாங்கும்.

படி 5: எபாக்ஸி (இங்கதான் நான் விழுந்தேன்)

நான் வாங்கின எபாக்ஸில டப்பா மேல பெருசா 5:1-னு போட்டிருந்துச்சு. அஞ்சு பங்கு ரெசின், ஒரு பங்கு ஹார்ட்னர். கூடவே ரெண்டு பம்ப் வாங்கினேன், டப்பால மாட்டிக்கறது. நான் ரொம்ப ஒழுங்கா ரெசின் பம்ப்ப அஞ்சு தடவை, ஹார்ட்னர் பம்ப்ப ஒரு தடவை அமுக்கி, கலக்கி, பின்பலகை மூலை, டேங்க் பட்டை எல்லாம் ஒரே சனிக்கிழமைல ஒட்டி முடிச்சு பெருமையா ஃபோட்டோ கூட எடுத்தேன். ஞாயித்துக்கிழமை தொட்டா பிசுபிசு. சரி குளிருன்னு நெனச்சேன். புதன்கிழமையும் பிசுபிசு. ஹீட்டர் வெச்சேன், பலாப்பழ பிசின் மாதிரி விரல்ல நூல் நூலா வந்துச்சு. பத்தாவது நாள்தான் பம்ப் வந்த கவர குப்பைலேந்து எடுத்துப் படிச்சேன். அந்த ரெண்டு பம்ப்பும் ஒரே அளவு தள்ளாது, ரெசின் பம்ப் ஒரு அமுக்குக்கே அஞ்சு பங்கு தள்ளும். ஒண்ணுக்கு ஒண்ணு அமுக்கினாலே 5:1 வந்துடும். நான் கலக்கினது 25:1.

இதுக்கு குறுக்கு வழி எதுவும் கிடையாது. மேல நல்ல கோட் ஒண்ணு அடிச்சா சரியாயிடும்னு தோணும், ஆகாது, அடில இருக்கறது எப்பவும் பிசினாவே இருக்கும். ஹீட் கன்ல இளக்கி, ஸ்க்ரேப்பர்ல வழிச்சு, அசிட்டோன் துணில துடைச்சு, மரத்துல ஊறிப்போன மேல் அடுக்க உப்புத்தாள்ல எடுத்து, நாலு வார இறுதி போச்சு. பட்டைய முழுசா புடுங்கிட்டு புதுசு வெட்டினேன்.

இப்ப பம்ப்பே தொடறதில்ல. கிச்சன் தராசு வெச்சு எடை போட்டுத்தான் கலக்கறேன், 100 கிராமுக்கு 20 கிராம். உங்க பிராண்டுல எடைக்கு என்ன கணக்கு, அளவுக்கு என்ன கணக்குன்னு தனித்தனியா போட்டிருப்பாங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல, படிச்சுக்கோங்க. முதல் தடவை ஒரு மூடில கொஞ்சூண்டு கலக்கி ஒரு நாள் வெச்சுப் பாருங்க, நகத்தால அழுத்தினா தழும்பு விழக்கூடாது. ரெண்டு நிமிஷம் முழுசா கலக்கணும், கப்போட ஓரத்தையும் அடியையும் வழிச்சு.

ஒட்டறதுக்கு முன்னாடி சிலிகா பவுடர் சேத்து கெட்டியாக்கணும். பூசறதுக்கு தோசை மாவு பதம், ஒட்டறதுக்கு இட்லி மாவு, மூலைல வளைவா பட்டி பாக்கறதுக்கு ஃப்ரிட்ஜ்லேந்து எடுத்த வெண்ணெய். மரத்துல முதல்ல பவுடர் இல்லாத வெறும் எபாக்ஸி ஒரு கோட் தடவிட்டு அப்புறம் கெட்டிய வைங்க, இல்லன்னா மரம் குடிச்சிடும். மூலைப் பட்டிக்கு ஐஸ்கிரீம் குச்சியோட உருண்ட முனை போதும், அதுக்குன்னு விக்கற கருவி எதுவும் வாங்காதீங்க.

நிறைய கலக்கி கப்புலயே வெச்சிருந்தா தானா சூடேறி புகை வரும், கலக்கின உடனே அகலமான தட்டுல ஊத்திடுங்க. கையுறை இல்லாம தொடவே கூடாது, ஒரு தடவை அலர்ஜி வந்துட்டா ஆயுசுக்கும் விடாது. காஞ்சப்புறம் மேல மெழுகு மாதிரி ஒரு வழவழப்பு வரலாம், அத வெறும் தண்ணியும் பாத்திரம் தேய்க்கற ஸ்க்ரப்பரும் போட்டு கழுவிட்டு அப்புறம்தான் உப்புத்தாள். கழுவாம தேய்ச்சா தாள் அடைச்சுக்கும், அடுத்த கோட்டும் உரிஞ்சு வரும்.

*அப்டேட்:* பழைய டேப் மேல எபாக்ஸி ஒட்டுமான்னு மூணு பேர் கேட்டுட்டீங்க. பழைய டேப் பாலியெஸ்டர் ரெசின்ல ஒட்டினது. அது கெட்டியா இருந்தா நல்லா சொரசொரப்பாக்கிட்டு மேல எபாக்ஸி போடலாம். எபாக்ஸி மேல பாலியெஸ்டர் போடறது மட்டும் வேண்டாம், நம்ப முடியாது. டேப்போட ஓரத்துல ஸ்க்ரேப்பர் நுழைஞ்சுதுன்னா மொத்தமா உரிச்சிடுங்க.

படி 6: பெயிண்ட், வார்னிஷ்

எபாக்ஸி வெயில் தாங்காது, மஞ்சளாகி பொடிஞ்சிடும். மேல வார்னிஷோ பெயிண்டோ கட்டாயம். ரெண்டு டப்பா கலக்கற பாலியூரிதேன் பளபளன்னு இருக்கும்தான், அதுல மூச்சுக்குழாய பாதிக்கற ஐசோசயனேட் இருக்கு, கராஜ்ல அடிக்கற சமாச்சாரம் இல்ல. ஒரே டப்பா மரைன் எனாமல் போதும். ஃபோம் ரோலர்ல உருட்டி, உடனே காஞ்ச பிரஷ்ஷால மேலாக்க ஒரு இழுப்பு, மூணு கோட். பத்தடி தூரத்துலேந்து பாத்தா புதுசு மாதிரி இருக்கும், பக்கத்துல யாரையும் விடாதீங்க.

படி 7: டேங்க் டெஸ்ட், கம்பி, பாய்

டேங்க் காத்து பிடிக்கலன்னா கவுந்தப்போ படகு மிதக்காது, இத விட்டுடாதீங்க. மூடிய போட்டு, தண்ணி வடியற ஓட்டைல ஒரு ட்யூப் சொருகி வாயால ஊதி, மூட்டு ஓரமா சோப்புத் தண்ணி தடவுங்க, ஒழுகற இடத்துல பஞ்சர் கடைல மாதிரி குமிழ் வரும். கம்ப்ரஸர் வைக்கக்கூடாது, டேங்க் மூட்டே பிரிஞ்சிடும்.

பாய்மரத்த நிக்க வைக்கற கம்பிங்க மேல டிஷ்யூ பேப்பர வெச்சு இழுங்க, எங்கயாவது மாட்டிக் கிழிஞ்சா ஒரு இழை அறுந்திருக்கு, அந்தக் கம்பி குப்பைக்கு. பாய குளிக்கற தொட்டில சோப்பு போட்டு ஊற வைங்க, வாஷிங் மெஷின் வேண்டாம்.

மொத்த செலவு எனக்கு 240 பவுண்டு கிட்ட, அதுல அறுபது அந்த 25:1-க்கு. ரெடிங் பக்கம் தேம்ஸ்ல எறக்கறதா இருந்தா என்விரான்மென்ட் ஏஜென்சிங்கற அரசு அமைப்போட ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், இன்ஜின் இல்லன்னாலும்.

மே மாசம் எறக்கினோம். ஒரு மணி நேரம் ஓட்டிட்டு கரைக்கு வந்து டேங்க் மூடிங்கள தொறந்து பாத்தா வலதுல பொட்டுத் தண்ணி இல்ல, இடதுல ஒரு டம்ளர். அது என் பட்டை வழியா வருதா, மூடியோட ரப்பர் வழியா வருதான்னு தெரியல. நேத்து மூடி சுத்தி வாஸ்லின் தடவி வெச்சிருக்கேன், சனிக்கிழமை பாத்துட்டு இங்கயே போடறேன்.