குளிரிலிருந்து லீவுக்கு வருபவர்கள் நம்ம ஊர் வெயிலில் செய்யும் தவறுகள்

ஏப்ரல், மே வந்தால் குமரி மாவட்டத்தில் லீவுக்காரர்கள் நடமாட்டம் கூடிவிடும். லடாக், காஷ்மீர் பக்கம் பட்டாளத்தில் இருக்கும் பையன்கள்தான் அதிகம். நானும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் நாங்கள் செய்த கோளாறுகளையே இவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை. தண்ணீர் குடி, தொப்பி போடு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வந்த மறுநாளே வெயிலில் இறங்குவது

லடாக்கில் இருக்கும் லே கிட்டத்தட்ட 11,500 அடி உயரம். அங்கே போய் இறங்கும் சிப்பாயை உடனே வேலைக்கு விடமாட்டார்கள். முதல் இரண்டு நாள் ஓய்வு, பிறகு மெதுவான நடை, அப்புறம் கொஞ்சம் ஏற்றம் என்று ஆறு நாள் பழக்குவார்கள். அதே ஆள் லீவில் ஊருக்கு வரும்போது, இரண்டு நாள் சும்மா இரு என்று சொல்ல ஆளில்லை. சொந்த ஊர் வெயில்தானே என்று அவனும் நினைக்கிறான், வீட்டாரும் நினைக்கிறார்கள். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

முன்பெல்லாம் ஜம்முவில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்று நாள் பயணம். ஆக்ரா, நாக்பூர், விஜயவாடா என்று வழியெல்லாம் வெக்கை பட்டுக்கொண்டே வருவோம். இப்போது காலையில் லேயில் ஜாக்கெட்டோடு விமானம் ஏறுகிறவன், திருவனந்தபுரத்தில் இறங்கி ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கிறான்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பையன் அப்படித்தான் வந்தான். லீவே வீடு கட்டத்தான். வந்த மூன்றாம் நாள் மாடிக்குக் கான்கிரீட். காலை ஏழு மணிக்குக் கம்பி மேல் ஏறியவன் பன்னிரண்டு மணிக்கும் இறங்கவில்லை. இடையில் குடித்ததெல்லாம் வேலைக்காரர்களோடு சேர்ந்து கட்டன் சாயா, அதாவது பால் சேர்க்காத டீ. "தம்பி, நிழலுக்கு வா" என்று கூப்பிட்டேன். "அண்ணே, மைனஸ் 20ல நின்னவன் நான். நம்ம ஊரு வெயிலு என்ன செய்யும்?" என்றான். கொஞ்ச நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. அப்புறம் வாந்தி. கையைப் பார்த்தேன், விரல் நுனியெல்லாம் நடுங்கியது. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். பாதி லீவு படுக்கையிலேயே போனது.

மைனஸ் 20ல் நின்ற உறுதி வெயிலுக்கு உதவாது. குளிரில் மாசக்கணக்காக இருக்கும் உடம்பு வியர்க்கும் பழக்கத்தை இழந்துவிடும். திடீரென்று வெயிலில் நின்றால் வியர்வை தாமதமாகத்தான் வரும், வரும்போது உப்பையும் அதிகமாகக் கொண்டுபோகும். மறுபடி பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் பட்டால் வியர்வை சீக்கிரம் வரத் தொடங்கும், அதில் உப்பு குறையும், ரத்தத்தில் நீர் கூடும், இதயத்துக்கும் பாரம் குறையும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

நம்ம ஊரில் 34 டிகிரிதானே என்ற கணக்கும் தப்பு. உடம்பு குளிர்வது வியர்வை காய்ந்தால்தான். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பிரயோஜனமில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாவது அடிக்கும். மேற்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே காற்று அசையாத மத்தியானத்தில், ஈரக்காற்றில் சட்டை உடம்போடு ஒட்டியே கிடக்கும்.

அதனால் கான்கிரீட்டோ கல்யாண அலைச்சலோ, இரண்டாவது வாரத்துக்குத் தள்ளுங்கள். முதல் நாலைந்து நாள் காலையிலும் சாயங்காலமும் மட்டும் வெளி வேலை. மேஸ்திரி அவசரப்படுத்தினால் வேலையைப் பார்த்துக்கொள்ள அப்பாவை நிழலில் உட்கார வையுங்கள்.

நாள் முழுக்க ஏசி

பயந்து உள்ளேயே கிடப்பவர்களும் உண்டு. ஏசியை 18ல் வைத்துப் படுத்தே கிடந்தால் உடம்பு எப்போது பழகும்? ராத்திரி தூங்க ஏசி போடலாம். பகலில் கொஞ்ச நேரம் திண்ணையில், மரத்தடியில் இருங்கள்.

வெறும் தண்ணீர் மட்டும்

வியர்வையில் போவது உப்பும்தான். மணிக்கணக்காக வியர்த்துவிட்டு வெறும் தண்ணீராகவே குடித்தால் ரத்தத்தில் உப்பு இன்னும் குறையும். உப்புப் போட்ட மோர், கஞ்சித் தண்ணி, பயறும் துவையலும் வைத்துக் கஞ்சி என்று நம் வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது. சீசனில் அக்கானியும் (பதநீர்) நல்லது, ஆனால் அதில் இருப்பது இனிப்புதான், உப்புக்கு அதை நம்ப வேண்டாம். ஓ.ஆர்.எஸ். வாங்கினால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில்தான் கலக்க வேண்டும். அரை டம்ளரில் கரைத்துக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன், அது கெடுதல். பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர்கள் உப்பைக் கூட்டுவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்.

பாட்டில்

மதுவை முதல் வாரம் தொடவே வேண்டாம்.

மயங்கியவருக்குக் காய்ச்சல் மாத்திரை

உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, ஆள் தடுமாறுகிறார் என்றால் அது வெயில் தாக்கு. காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது. உடனே 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும்.

திரும்பிப் போகும்போது

பத்து நாளுக்கு மேல் ஊரில் இருந்தால் மலை உயரத்துக்கு இருந்த பழக்கமும் போய்விடும். மேலே போனதும் மறுபடி ஓய்விலிருந்துதான் தொடங்க வேண்டும். மனைவி பிள்ளைகளை லேவுக்கு விமானத்தில் கூட்டிப்போகிறவர்கள், முதல் இரண்டு நாள் அவர்களை எங்கேயும் சுற்றிக்காட்ட இழுக்காதீர்கள். பாங்காங் ஏரி லேயை விடவும் உயரம். அங்கே போவதைக் கடைசி நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள்.