ஐஸ் குச்சியில் தோட்டத்துக்கு ஒரு காற்றுச் சுழலி

வேண்டியவை: 11.4 செ.மீ. நீள ஐஸ் குச்சிகள் 90, 2 மி.மீ. அலுமினியக் கம்பி 30 செ.மீ., தண்ணீர் தாங்கும் மரப்பசை, வார்னிஷ், மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் ஸ்விவல் (கயிறு முறுக்கேறாமல் தொங்கும் பொருளைச் சுழலவிடும் சிறு உலோக இணைப்பு) ஒன்று.

வளைந்த குச்சிகளை முதலிலேயே கழித்துவிடுங்கள். நீளத்திலும் அகலத்திலும் நடுவைக் குறித்து, ஐந்தைந்தாக அடுக்கி இறுக்கிப் பிடித்து, 2.5 மி.மீ. பிட்டால் துளையிடுங்கள். ஆணி அடித்தால் குச்சி பிளந்துவிடும். துளை அரை மில்லிமீட்டர் தள்ளினால் ஒன்றும் ஆகாது. இரண்டு மில்லிமீட்டர் தள்ளினால் எடை ஒருபக்கம் சாய்ந்து ஆட்டம் கொடுக்கும்.

கம்பியின் அடியில் ஒரு வளையம் போட்டு, குச்சிகளைக் கோத்துக்கொண்டே வாருங்கள். துளையைச் சுற்றி ஒரு துளிப் பசை. ஒவ்வொரு குச்சியின் நுனியும் கீழ்க்குச்சியின் நுனியிலிருந்து 4 மி.மீ. விலக வேண்டும். அப்போது 90 குச்சிகளில் ஒரு முழுச் சுற்று வரும், உயரம் சுமார் 18 செ.மீ. திருப்பம் கடைசிவரை ஒரே திசையில் போகட்டும். பாதியில் திசை மாறினால் மேல்பாதியும் கீழ்பாதியும் எதிரெதிராக இழுத்து, நல்ல காற்றிலும் சுழலாமல் நின்றுவிடும். இங்கேதான் பலருக்கும் தவறுகிறது. அவசரமே வேண்டாம்.

ஓர் இரவு காய்ந்தபின் மேலே வளையம் போடுங்கள். வார்னிஷ் இரண்டு பூச்சு; குச்சி முனைகளை விடாதீர்கள், ஈரம் அங்கேதான் முதலில் ஏறும்.

ஸ்விவல் இல்லாமல் கயிற்றில் நேராகக் கட்டினால் கயிறு முறுக்கேறி, சுழலி நின்று, பின்னோக்கிச் சுற்றும். சுவரை ஒட்டாமல், நாலாபுறமும் காற்று வரும் கிளையில் தொங்கவிடுங்கள்.