கப்பியும் ஃபைட்டரும்: வீட்டில் இந்த வண்ணமீன்களில் குஞ்சு எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுத் தொட்டியில் விட்ட மீன் மூன்றாம் நாளே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஒரு வாரத்துக்குள் செத்து மிதக்கும். உடனே கடைக்கு ஓடி மருந்து வாங்கி ஊற்றுவார்கள். பெரும்பாலும் அங்கே நோயே இருக்காது. கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அம்மோனியா செவுளை அரித்திருக்கும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்குவது, அடுப்பு மூட்டாமல் இலை போடுவது மாதிரி.

ஃபில்டரை ஓடவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை தீனியை மட்டும் போட்டு வாருங்கள். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா முதலில் ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும். இரண்டும் இறங்கிப் பூஜ்யத்தில் நின்றால் தொட்டி தயார். நோயில்லாத பழைய தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் கிடைத்தால் இந்தக் காலம் பாதிக்கு மேல் குறையும். இரண்டடித் தொட்டி (24×12×12 அங்குலம்) கல் போக ஏறக்குறைய 50 லிட்டர் பிடிக்கும். அதில் முதலில் நான்கு கப்பி போதும்.

வளர்ந்து வரும் அந்தப் பாக்டீரியாவை நாமே கொல்வதும் உண்டு. மாதம் ஒருமுறை எல்லாத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் ஃபில்டரையும் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவுவது நம் வீடுகளில் வழக்கம். தொட்டி பளிச்சென்று இருக்கும், மறுநாள் மீன் துவண்டு கிடக்கும். வாரம் 25 முதல் 30 சதவீதம் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்துவிட்டால் போதும். சோப்பு எதற்கும் வேண்டாம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், திறந்த வாளியில் ஏர் பம்ப் போட்டு 24 மணி நேரம் வைத்தால் போய்விடும். குளோரமின் கலந்த தண்ணீருக்கு இது பலிக்காது, ஆன்டி குளோரின் சொட்டு மருந்துதான் வேண்டும். உப்புத் தண்ணீர் என்று நாம் ஒதுக்கும் போர் தண்ணீர், அளவோடு கடினமாக இருந்தால் கப்பிக்கும் மோலி மீனுக்கும் நல்லதே. வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் தாது இருக்காது, பி.எச். (அமில-காரத் தன்மை) நிலையாக நிற்காது.

கப்பி குஞ்சு போடுவதற்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை தானாகப் போடும். தவறு நடப்பது சேர்க்கையில். ஓர் ஆணுக்கு ஒரு பெண் என்று வைத்தால் ஆண் அதைத் துரத்தியே களைக்க வைத்துவிடும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் இருக்கட்டும். வயிறு பெருத்த பெண்ணைச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் நாள்கணக்கில் அடைப்பதும் கெடுதல், பயத்திலேயே குறைப்பிரசவம் ஆகும். தொட்டியில் வேலம்பாசி, ஜாவா மாஸ் போன்ற நீர்த்தாவரத்தை நெருக்கமாகப் போடுங்கள். தாய் தின்றது போக, ஒளிந்த குஞ்சுகள் தேறும்.

நல்ல நிறத்துக்காக விலை கொடுத்து ஆண் வாங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: கடையில் ஆண்களோடு நின்ற பெண் ஏற்கெனவே விந்தைச் சேமித்து வைத்திருக்கும். ஒரே சேர்க்கையை வைத்துப் பல மாதம் குஞ்சு போடும். நீங்கள் தேர்ந்த ஆணின் நிறம் வராததற்கு அதுவே காரணம். சேராத இளம் பெண்கள் வேண்டுமானால் 3-4 வாரத்திலேயே பிரிக்க வேண்டும். வயிற்றுக்கு அடியில், வாலுக்கு முன்னால் உள்ள துடுப்பு கூராக நீளத் தொடங்கினால் ஆண், விசிறிபோல் அகன்றே இருந்தால் பெண்.

ஃபைட்டரில் கதை வேறு. முட்டை எடுப்பது வரை பலரும் வந்துவிடுவார்கள், பத்தாவது நாளில் தொட்டி காலியாக இருக்கும். காரணம் பசி. நீந்தத் தொடங்கிய குஞ்சின் வாய்க்குள் தூள் தீனி நுழையாது. அதனால் ஜோடி சேர்க்கும் நாளிலேயே இன்ஃபுசோரியா (குஞ்சுக்கு இரையாகும் நுண்ணுயிர்கள்) வைத்துவிடுங்கள். ஒரு ஜாடி பழைய தொட்டித் தண்ணீர், இரண்டு அங்குல வாழைப்பழத் தோல், வெளிச்சமான இடம். இரண்டு மூன்று நாளில் பால்போல் கலங்கி நாறும், இன்னும் சில நாளில் தெளியும். தெளிந்த பிறகே எடுக்க வேண்டும். நாற்றம் இருக்கும்போது ஊற்றினால் குஞ்சு மொத்தமும் போய்விடும். இரண்டு நாள் கழித்து இன்னொரு ஜாடியும் வையுங்கள்.

தொட்டியில் 12 முதல் 15 செ.மீ. தண்ணீர் போதும், கல் வேண்டாம். கீழே விழும் முட்டையை ஆண் வாயில் பொறுக்கி, தண்ணீர்மேல் தான் கட்டிய நுரைக்கூட்டில் வைக்கும், கல்லிடுக்கில் விழுந்தால் எடுக்க முடியாது. ஃபில்டர் ஓட்டம் கூட்டைக் கலைக்கும், நிறுத்துங்கள். பெண்ணை நேராக உள்ளே விடாமல், ஒரு நாள் கண்ணாடிக் குடுவையில் வைத்துக் காட்டுங்கள். பெண்ணின் உடம்பில் செங்குத்துக் கோடுகள் தெரிந்து, ஆண் கூடும் கட்டியபின் திறந்துவிடலாம். முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆண் கடித்தே கொன்றுவிடும்.

28 டிகிரியில் ஒன்றரை இரண்டு நாளில் பொரியும். மேலும் இரண்டு மூன்று நாள் வால் கீழே தொங்கியபடி கூட்டில் இருக்கும், அதுவரை மஞ்சள் கருவே உணவு. படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கும் நாளில் ஆணை எடுங்கள். அன்றே இன்ஃபுசோரியா தொடங்க வேண்டும்.

நான்கைந்து நாளில் ஆர்டீமியாவுக்கு (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் வகை) மாறலாம். ஒரு லிட்டர் தண்ணீர், 25 கிராம் கல் உப்பு, அரை டீஸ்பூன் ஆர்டீமியா முட்டை. தலைகீழாகக் கட்டிய பாட்டிலில் அடியிலிருந்து காற்று வேகமாக அடிக்கட்டும், வெளிச்சமும் இருக்கட்டும். 24 முதல் 36 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் கீழே சேரும். அவற்றை மட்டும் மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓட்டோடு போட்டால் குடலில் அடைக்கும். பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் சத்து முழுதாகக் கிடைக்கும்.

தொட்டியைத் திறந்து வைப்பது இன்னொரு இழப்பு. ஃபைட்டர் மேலே வந்து காற்றைச் சுவாசிக்க உதவும் உறுப்பு 3-4 வார வயதில் உருவாகிறது. அப்போது தண்ணீருக்கு மேலுள்ள காற்று குளிர்ந்து வறண்டிருந்தால் குஞ்சு தாங்காது. சிறு இடைவெளி விட்டுக் கண்ணாடியால் மூடுங்கள்.

ஒரு ஜோடி சில நூறு குஞ்சு கொடுக்கும். இரண்டு மூன்று மாதத்தில் ஆண்கள் சண்டை தொடங்கும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பாட்டில் வேண்டும், ஒவ்வொன்றிலும் தண்ணீர் மாற்ற வேண்டும். அந்த அளவுக்கு இடமும் நேரமும் இல்லையென்றால் ஜோடியே சேர்க்காதீர்கள். மிஞ்சியதை ஏரியிலோ குளத்திலோ விடவும் கூடாது. டேங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீன் இப்படி வெளியேறித்தான் நம் நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீனின் இடத்தையும் இரையையும் பிடித்து, மீனவர் வலையைக் கிழிக்கிறது. கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தை பக்கத்தில் இருந்தால், எத்தனை குஞ்சு எந்த அளவில் எடுத்துக்கொள்வார்கள் என்று ஜோடி சேர்க்கும் முன்பே கேட்டு வையுங்கள்.