பால் பொங்கினால்தான் இறக்குவீர்களா? சோயா, ஓட்ஸ் பாலில் நுரை எடுக்கும்போது தவிர்க்க வேண்டியவை

எங்கள் வீட்டில் பால் என்றால் பொங்கித்தான் இறங்க வேண்டும். சேலத்தில் விடிந்ததும் விடியாததுமாகப் பாக்கெட் வரும். பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பை விட்டு நகராமல் நின்று, விளிம்பு வரை எழும்பிய பிறகு அணைப்பது அம்மா பழக்கிய பழக்கம். அறுபதைத் தாண்டிய அப்பாவுக்குப் பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது. காபியை விடவும் மனசில்லை. அப்படித்தான் எங்கள் அடுப்பில் சோயா பால், ஓட்ஸ் பால், பாதாம் பால், ஒரு கட்டத்தில் நிலக்கடலைப் பால்கூட ஏறியது. முதல் ஆறு மாதம் குடித்ததைவிடத் தொட்டியில் கொட்டியதுதான் அதிகம். பசும்பாலுக்குப் பழகின கையோடு இவற்றையும் காய்ச்சினேன்; முக்கால்வாசித் தவறு அங்கேதான் பிறந்தது.

முதலில் வாங்கும் இடத்திலேயே நடக்கிற ஒரு குளறுபடி. நம்மூர்க் கடையில் பாதாம் பால் கேட்டால் மஞ்சள் நிறத்தில், எசன்ஸ் மணக்கும் பசும்பால் பாட்டிலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நாம் தேடுவதன் அட்டையில் ‘பால்’ என்று இருக்காது. உணவுப் பாதுகாப்பு விதி அதற்கு இடம் கொடுப்பதில்லை. ‘ஆல்மண்ட் டிரிங்க்’, ‘ஓட் பெவரேஜ்’ என்ற மாதிரிதான் அச்சிட்டிருக்கும். தேங்காய்ப்பால் பொடி வாங்குகிறவர்கள் பின்பக்கத்தையும் படிக்க வேண்டும். பலவற்றில் சோடியம் கேசினேட் சேர்த்திருக்கிறார்கள். அது பாலிலிருந்து எடுக்கிற புரதம். பால் அலர்ஜி உள்ளவர்களுக்கும், பாலே வேண்டாம் என்று விட்டவர்களுக்கும் அது ஆகாது.

அட்டையில் அடுத்துப் பார்க்க வேண்டியது 100 மில்லிக்கு எவ்வளவு புரதம் என்பது. நுரை என்பது காற்றுக் குமிழிகளின் கூட்டம். ஒவ்வொரு குமிழியையும் தோல் மாதிரிச் சுற்றி நின்று உடையாமல் காப்பது புரதம். பசும்பாலில் 3 கிராமுக்கு மேல் இருக்கும். சோயாவிலும் ஏறக்குறைய 3 கிராம். பாதாம் பானங்கள் பலவற்றில் 1 கிராம்கூடத் தேறாது. அதை எவ்வளவு அடித்தாலும் சோப்புத் தண்ணீர் போல நான்கு குமிழி வந்து, டபராவுக்குப் போவதற்குள் அடங்கிவிடும். ‘பாரிஸ்டா’ என்று போட்டு விற்பதில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகவும், புளிப்பைச் சமாளிக்கும் உப்பு ஒன்றும் சேர்த்திருப்பார்கள். பொருட்பட்டியலில் 340 என்ற எண் இருந்தால் அந்த உப்புதான். விலை கூடுதல்தான், ஆனால் ஓட்ஸ் பாலில் நுரை வேண்டுமென்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். சோயாவுக்கு அவ்வளவு அவசியமில்லை.

ஆப்பத்துக்கு ஊற்றும் முதல் தேங்காய்ப்பாலைக் காபியில் முயற்சி செய்து பார்த்துவிட்டேன். கொழுப்பு அதிகம், நுரை நிற்காது, மேலே எண்ணெய் மிதக்கும். அது ஆப்பத்துக்கே இருக்கட்டும்.

சூடு

டெட்ரா பேக்கில் வருவதைத் தொழிற்சாலையிலேயே 135 டிகிரிக்கு மேல் சில நொடி காட்டித்தான் அடைக்கிறார்கள். நாம் மறுபடி பொங்கவைக்க ஒரு காரணமும் இல்லை. 55 முதல் 60 டிகிரி போதும். பாதாமுக்கு 55க்கு மேல் போகவே வேண்டாம். 70ஐத் தாண்டினால் புரதம் இறுகத் தொடங்கும், குமிழி பெரிதாகி உடையும், வேகவைத்த பயறு மாதிரி ஒரு வாசனையும் எழும்பும். சமையல் வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது இல்லையென்றால், எவர்சில்வர் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தை விரலால் தொடுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் விரல் தானாக விலகினால் அடுப்பை அணைக்கலாம். ஆவி பறக்கட்டும் என்று காத்திருந்தால் தாமதம்தான்.

வீட்டில் அரைத்த ஓட்ஸ் பாலில் இந்தச் சூடு இன்னொரு வேலையையும் செய்யும். மாவுச்சத்து சூட்டில் என்ன ஆகும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரவள்ளிக் கிழங்கு லாரிகளுக்கு வழிவிட்டே வளர்ந்தவர்கள் நாம்; ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981இல் தொடங்கிய ஊர் இது. ஜவ்வரிசி அடுப்பில் ஏறிக் கண்ணாடியாகிக் குழகுழவென்று வருகிறதே, அதேதான் ஓட்ஸிலும் நடக்கிறது. சுமார் 55 டிகிரியைத் தாண்டும்போது மாவு தண்ணீரை இழுத்து ஊத ஆரம்பிக்கும். நான் முதல்முறை காய்ச்சியதைப் பார்த்துவிட்டு அப்பா கரண்டியால் ஒருதரம் தூக்கிப் பார்த்தார். அது நூலாக இறங்கியது. “கஞ்சி நல்லா இருக்கு, உப்பு போடு” என்றார்.

கடை ஓட்ஸ் பால் ஏன் அப்படி ஆவதில்லை? அதில் மாவுச்சத்தை நொதியால் உடைத்துச் சர்க்கரையாக்கிவிடுகிறார்கள். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 1990களில் ரிக்கார்ட் ஓஸ்டே என்ற ஆய்வாளர் உருவாக்கிய வழி அது. சர்க்கரை சேர்க்காதது என்று போட்டிருந்தாலும் ஓட்ஸ் பால் இனிப்பது அதனால்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அரைத்தால் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி 30 நொடிக்கு மேல் ஓட்டாதீர்கள், துணியில் வடிக்கும்போது முறுக்கிப் பிழியாதீர்கள். அவ்வளவு செய்தாலும் அது குளிர்ந்த காபிக்குத்தான் லாயக்கு. நுரைக்கு அதை நம்ப வேண்டாம் என்பது என் அனுபவம்.

திரிவது ஏன்?

“பால் கெட்டுப்போச்சு” என்று கொட்டுகிறார்களே, பெரும்பாலும் பால் கெட்டிருக்காது. காபி புளிப்பானது, அதன் பிஎச் அளவு (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5ஐ ஒட்டி இருக்கும். சோயா புரதம் 4.5க்குப் பக்கத்தில் முழுசாக உறைந்துபோகும். நடுவில் இருக்கிற சின்ன இடைவெளியைச் சூடு இட்டு நிரப்பிவிடுகிறது. எலுமிச்சை பிழிந்து பன்னீர் எடுக்கிற அதே வேலை உங்கள் டம்ளருக்குள் நடக்கிறது.

நம் பக்கத்துக் காபியில் இது கொஞ்சம் கூடுதலாகவே நடக்கும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபிக்கு வழிபோட்டார். இன்றைக்கும் ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடிக்குப் பக்கத்தில் நிற்பது அதிகமும் அராபிகாதான். அராபிகாவுக்கு இயல்பிலேயே ரோபஸ்டாவைவிடப் புளிப்பு தூக்கல். அதை லேசாக வறுத்து வாங்கினால் மணம் பிரமாதமாக இருக்கும், சோயா பாலில் விட்டதும் திரியும். இந்தப் பாலுக்கென்றால் கொஞ்சம் கருக வறுத்த தூள் நல்லது. மத்தியானத்துக்கு என்று எடுத்துவைத்த காலை டிக்காஷனும் வேண்டாம். நேரம் ஆக ஆக அதில் புளிப்பு ஏறும்.

ஊற்றும் முறையிலும் கவனம் வேண்டும். கொதிக்கிற டிக்காஷனில் ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த பாலைச் சரித்தால் திரிவது நிச்சயம். பாலைத் தனியாக வெதுவெதுப்பாக்குங்கள். டிக்காஷன் சற்று ஆறட்டும். ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கியதென்றால் பாதி ஆறித்தான் இருக்கும். பிறகு பாலில் டிக்காஷனை மெல்லிய தாரையாக விட்டுக் கலக்குங்கள், நுரையைக் கடைசியாகக் கரண்டியில் அள்ளி மேலே வையுங்கள். அப்படியும் திரிந்தால் டிக்காஷனில் ஆப்ப சோடா ஒரே ஒரு சிட்டிகை. அதற்கு மேல் போனால் சவுக்கார வாசம் வரும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம் போடுகிறவர்கள் அடுப்பில் இருக்கும்போது போடாமல் கலந்து முடித்த பிறகு போடுங்கள். பாயசத்தில் பால் திரிந்த அனுபவம் எல்லா வீட்டிலும் இருக்குமே.

ஏற்காட்டில் பட்ட பாடு

இதுவரை பொங்கவைக்காதீர்கள் என்று சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு டிசம்பரில் அப்பாவோடு ஏற்காட்டில் அத்தை வீட்டில் தங்கியிருந்தோம். முற்றத்தில் காபிப் பழம் காயப்போட்டிருந்தது, பத்து மணி வரை பனி விலகவில்லை. பாக்கெட் தீர்ந்துவிட்டதால், ராத்திரியே சோயா பயறு ஊறப்போட்டு, காலையில் அரைத்து வடிகட்டி அடுப்பில் வைத்தேன். சில நிமிடத்தில் சுர்ரென்று நுரை எழும்பிப் பாத்திரத்தின் வாயை எட்டியது.

“பொங்கிருச்சே கண்ணு, எறக்கிரட்டுமா?” என்றார் அத்தை.

“எறக்கிருங்க அத்தை” என்றேன்.

அது கொதி இல்லை. சோயாவில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. பூந்திக்கொட்டையும் சீயக்காயும் நுரைக்கிறதே, அதற்குக் காரணமும் சபோனின்தான். கொதிநிலைக்கு ரொம்ப முன்னாலேயே அது நுரையைத் தள்ளிவிடும். உள்ளே பால் பச்சையாகவே இருக்கும். பச்சை சோயாவில் புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு, நீண்ட நேரம் கொதித்தால்தான் அது அடங்கும். நாங்கள் மூவரும் அந்தக் காபியைக் குடித்தோம். சாயங்காலம் மலையிறங்கும்போது அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்குத் தனித்தனியாக ஞாபகம் இருக்கின்றன.

செய்ய வேண்டியது இதுதான். பாதி மட்டுமே நிறைகிற பெரிய பாத்திரம் எடுங்கள். முதல் நுரை எழும்பியதும் தணலைக் குறைத்து, நுரையைக் கரண்டியால் வழித்துப் போட்டு, அடிபிடிக்காமல் கிளறியபடி 15 முதல் 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீரே 95 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். அதனால் மலையில் இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். (அதே 95 டிகிரி ஃபில்டரில் ஊற்றுவதற்கு அருமையான சூடு. அத்தை வீட்டு டிக்காஷன் ருசிக்குத் தூள் மட்டும் காரணமில்லை என்று தோன்றுகிறது.) பச்சை வாசனை பிடிக்காதவர்கள் ஊறிய பயறைக் கொதிநீரில் சில நிமிடம் போட்டெடுத்து, சுடுதண்ணீர் விட்டு அரைக்கலாம். காய்ச்சியதை ஆறவைத்து ஃபிரிஜ்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். அதன்பின் காபிக்கு எடுக்கும்போதெல்லாம் 60 டிகிரிதான். சக்கையை எறியாதீர்கள், அடை மாவில் சேரும்.

அடிக்கும் கை

நுனியில் கம்பிச் சுருள் வைத்து, பேட்டரியில் ஓடுகிற சின்ன ஃப்ரோதர் (நுரை அடிக்கும் கருவி) போதும், பெரிய மெஷின் தேவையில்லை. ஆனால் டம்ளர் நிறையப் பால் வைத்து அடித்தால் சுவரெல்லாம் பால். உயரமான டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். அதற்கு முன் பேக்கை நன்றாகக் குலுக்க மறக்காதீர்கள், சத்தெல்லாம் அடியில் தங்கியிருக்கும். சுருளை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே பிடித்து ஏழெட்டு நொடி ஓட்டினால் காற்று உள்ளே போகும், ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் கேட்கும். பிறகு கீழே இறக்கி, டம்ளரைச் சாய்த்து, பால் சுழல்கிற மாதிரி இன்னும் 15, 20 நொடி. பெரும்பாலோர் மேலேயே வைத்து ஓட்டிக்கொண்டிருப்பார்கள். சோப்பு நுரைதான் மிஞ்சும். முடிந்ததும் டம்ளரை மேடையில் இரண்டு தட்டு தட்டிச் சுழற்றுங்கள். நன்றாக ஆட்டிய உளுந்து மாவில் ஒரு பளபளப்பு இருக்குமே, அது தெரிந்தால் சரி. உடனே ஊற்றிவிடுங்கள். ஒரு நிமிடம் வைத்தால் நுரை மேலும் பால் கீழுமாகப் பிரிந்துவிடும்.

நுரைத்த பிறகு அடுப்பில் வைப்பதும், ஆறிப்போனதை மறுபடி சூடாக்கி அடிப்பதும் வீண் வேலை. மிக்ஸியில் சூடான பாலை மூடிபோட்டு அடிப்பது ஆபத்தும்கூட, ஆவி மூடியைத் தூக்கி எறியும். ஃபிரெஞ்ச் பிரஸ் (வலைத்தட்டை மேலும் கீழும் அழுத்தும் காபிக் குடுவை) வைத்திருப்பவர்கள் 60 டிகிரிப் பாலை அதில் மூன்றில் ஒரு பங்கு விட்டு இருபது முறை ஏற்றி இறக்கினால் ஃப்ரோதரைவிட நல்ல நுரை வரும். அத்தை மோர் மத்தையே உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டிச் சோயாவில் நுரை எடுத்தார். கொஞ்சம் பெரிய குமிழிதான், குறை சொல்ல முடியாது. டபராவில் ஆற்றுவதும் சோயாவுக்குப் பரவாயில்லை. பாதாமை ஆற்றினால் வெறுமனே ஆறும், அவ்வளவுதான்.

நிலக்கடலைப் பாலையும் கேட்பீர்கள். புரதம் உண்டு, நுரையும் வரும், நம்மூர்ச் சரக்கு. ஆனால் காபி எங்கோ போய்விடும். “கடலை மிட்டாயைக் கரைச்ச மாதிரி இருக்கு” என்று அப்பா ஒரே வாரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

சோயா பால் சுருளில் காய்ந்துவிட்டால் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அடுத்த நாள் சுருள் திணறும், நுரையிலும் பழைய வாடை வரும். அடித்து முடித்த கையோடு ஒரு டம்ளர் வெந்நீரில் ஐந்து நொடி ஓடவிட்டால் போதும். அப்பா இப்போது தன் காபியைத் தானே போட்டுக்கொள்கிறார், சூடும் நுரையும் என்னைவிடப் பக்குவமாக வருகிறது. அந்த ஐந்து நொடி வேலையை மட்டும் தொட்டி ஓரத்தில் எனக்கு வைத்துவிட்டுப் பேப்பரோடு திண்ணைக்குப் போய்விடுவார்.