அது குளிருக்குச் சுருண்டு கிடக்கவில்லை

ஜனவரியில் எங்கள் பக்கம் பூனை அடுப்படியை விட்டு நகராது. ஹட்டனில் விடியற்காலைப் பனிக்கு மனிதர்களே போர்வையை விட்டு எழும்ப மனமில்லாமல் கிடக்கிறோம், பூனையை என்ன சொல்ல? எங்கள் கறுப்பன் இரண்டு வாரமாக அடுப்போரத்துச் சாக்கிலேயே கிடந்தபோது அம்மா "குளிருக்குச் சுருண்டு கிடக்கு, விடு" என்றார், நானும் விட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, இதயம் தளர்ந்து அதன் நெஞ்சுக்குள் நீர் கோத்திருந்தது.

பூனைகளுக்கு இதயச் செயலிழப்பு வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இதயத் தசை தடித்துப்போகிற ஒரு நோய். சுவர் தடிக்கத் தடிக்க உள்ளே இடம் குறைகிறது, தசையும் இளகி விரிவதில்லை. நிரம்ப முடியாத ரத்தம் பின்பக்கம் தேங்கி, அந்த அழுத்தத்தில் நுரையீரலுக்குள்ளேயோ அதைச் சுற்றியோ நீர் கசிகிறது. ஏறத்தாழ ஏழு பூனையில் ஒன்றுக்கு இந்தத் தடிப்பு இருக்கலாம் என்கிறார்கள். அதில் நிறையப் பூனைகள் ஒரு தொல்லையும் இல்லாமல் ஆயுசை முடித்துக்கொள்கின்றன, அது வேறு கதை.

நாம் செய்கிற முதல் தப்பு, இருமல் வரட்டும் என்று காத்திருப்பது. மனிதருக்கு இருமல் வரும், நாய்க்கும் வரும், ஆனால் இதயம் தளர்ந்த பூனை பொதுவாக இருமாது. பூனை இருமினால் ஆஸ்துமாவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் (விறகடுப்புப் புகை அதை இன்னும் கிளப்பிவிடும்). இதய நோய் பூனையிடம் சத்தமில்லாமல் வரும்: விளையாட்டு குறையும், சாப்பாட்டை மோந்துவிட்டுப் போய்விடும், ஒளிந்துகொள்ளும். மலைநாட்டில் இது எல்லாவற்றையும் குளிரின் கணக்கிலும் வயதின் கணக்கிலும் எழுதிவிடுவது நமக்கு ரொம்பச் சுலபம்.

அப்போ எதைப் பார்ப்பது? மூச்சை. பூனை நன்றாகத் தூங்கும்போது அதன் விலாவைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. போனில் 30 விநாடி வைத்து எண்ணி இரண்டால் பெருக்குங்கள். குர்ர் குர்ர் என்று உறுமிக்கொண்டிருக்கும்போது எண்ணினால் கணக்கு பிழைக்கும், ஓடிவந்து படுத்தவுடன் எண்ணினாலும் அப்படித்தான். நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் சரி. திரும்பத் திரும்ப எண்ணியும் அதற்கு மேலேயே இருந்தால் அன்றைக்கே மிருக வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். நான் முதல்முறை எண்ணியபோது கறுப்பனுக்கு 52. எண்ணிக்கையில் பிழையோ என்று மூன்று தரம் எண்ணினேன், அந்த நேரத்தில் ஆட்டோ பிடித்திருக்கலாம்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற பூனைக்குப் பால் புகட்டுவது, தண்ணீர் தெளிப்பது, தூக்கிவைத்துக் கொஞ்சுவது எதுவும் வேண்டாம். நாய் நாக்கை நீட்டி மூச்சு வாங்கும், பூனை சும்மா அப்படிச் செய்யாது. பிடித்து இழுக்கும் பதற்றத்திலேயே அதற்கு மூச்சு நின்றுபோகலாம். காற்றோட்டமான கூடையில் அதன் பழைய துணியோடு வையுங்கள். சீனி மூட்டைச் சாக்கில் கட்டிக்கொண்டு போவது கூடவே கூடாது. நாங்கள் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து பேராதனை மிருக வைத்தியப் பீடத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். தூரம்தான். மூச்சு ரொம்ப மோசமாக இருந்தால் முதலில் பக்கத்தில் இருக்கிற வைத்தியரிடம் காட்டி, ஊசி போட்டு, கொஞ்சம் நிதானமானபிறகு தூரப் பயணம் போவதுதான் புத்தி.

குழாய் வைத்துப் பார்த்தபோது இதயத்தில் முணுமுணுப்பு மாதிரி ஒரு வித்தியாசமான சத்தமும் கேட்கவில்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். நோய் இருக்கும் பூனைகள் பலவற்றில் அந்த முணுமுணுப்பு கேட்காது, கேட்கிற எல்லாவற்றுக்கும் நோயும் இருக்காது. இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தால்தான் உறுதி. வயதான பூனையென்றால் தைரொய்ட்டையும் பிரஷரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி மருந்து. வீட்டில் தாத்தாவுக்கும் இதயக் குளிசை இருக்கிறது, பூனைக்கும் இதய நோய், இதில் கால் துண்டு கொடுத்தால் என்ன என்கிற யோசனை எங்கள் வீட்டிலும் வந்தது. நீர் இறக்குவதற்குப் பூனைக்கும் மனிதருக்கும் ஒரே புருசமைட் (furosemide) குளிசைதான், உண்மை. ஆனால் மனிதரின் 40 மில்லிகிராம் குளிசையில் 4 கிலோ பூனைக்கு எவ்வளவு என்பதை வைத்தியர்தான் எடை பார்த்துச் சொல்ல வேண்டும், கூடினால் சிறுநீரகம் பாதிக்கும். பனடோல் (பரசிட்டமோல்) பற்றி மட்டும் கத்தியே சொல்கிறேன்: ஒரு குளிசை பூனையைக் கொன்றுவிடும். பாதியும் வேண்டாம், நசித்துத் தேனில் குழைத்தும் வேண்டாம்.

அந்த நீர்க் குளிசை தொடங்கியதும் பூனை அடிக்கடி தண்ணீர் குடிக்கும், அடிக்கடி மூத்திரம் போகும். இஸ்தோப்பெல்லாம் நனைகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், இன்னொரு மண் தட்டு வையுங்கள். நாலு நாளில் எழுந்து நடக்கிறதென்று குளிசையை நிறுத்துவதும் அதே ரகம்தான், எழுந்து நடப்பதே குளிசையால்தான். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டையாகவும் கொடுக்காதீர்கள்.

சாப்பாட்டில் நம் வீட்டுக் குற்றவாளி சோறும் கருவாடும்தான். நெத்தலிக் கருவாட்டு உப்பு இதயம் தளர்ந்த பூனைக்கு ஆகாது. அதற்காக ஒரேயடியாக உப்பில்லாததை வைத்து, அது முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டினி கிடந்தால் அது இன்னும் மோசம், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வெறும் சோறே உணவாக இருந்தால் டோரின் என்கிற சத்து கிடைக்காது. அது இல்லாவிட்டால் பூனையின் இதயம் பலூன் மாதிரி விரிந்துபோகும் என்பதை 1987இல் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் கம்பனிப் பூனைச் சாப்பாட்டில் அதைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். இறைச்சியும் மீனும் வேகவைத்தால் அந்தத் தண்ணீரையும் கொட்டாமல் வையுங்கள், சத்து அதில்தான் இறங்கியிருக்கும்.

திடீரென்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வலியில் கத்துகிற பூனையைப் பாம்பு தீண்டியது, கூரையிலிருந்து விழுந்தது என்று நினைத்துத் தைலம் தேய்க்காதீர்கள். காலைத் தொட்டால் சில்லென்று இருக்கிறதா, பாதத்தின் அடி வெளுத்தோ நீலமாகவோ இருக்கிறதா? அப்படியென்றால் இதயத்தில் உறைந்த ரத்தக்கட்டி காலுக்கான குழாயை அடைத்திருக்கலாம். தேய்ப்பதும் சுடுதண்ணீர் ஒத்தடமும் கெடுதல், வலி குறைக்கும் ஊசி உடனே தேவை. கட்டி வராமல் தடுக்கக் குளோபிடோகிரெல் தருவார்கள். அது கடும் கசப்பு, நாக்கில் பட்டால் நுரை தள்ளிவிடும். பயந்துபோய் விஷம் என்று நினைத்தேன். வெண்ணெயில் உருட்டித் தொண்டைக்குள் தள்ளப் பழகிக்கொண்டேன், கையில் இன்னும் இரண்டு கீறல் இருக்கிறது.

கறுப்பன் அதற்குப் பிறகு பதினான்கு மாதம் எங்களோடு இருந்தது. மூச்சுக் கணக்கைச் சுவர்க் கலண்டரில் எழுதிவைத்தோம், பால்காரன் கணக்குக்குப் பக்கத்தில். வேறு காய்ச்சலுக்கு எந்த வைத்தியரிடம் போனாலும் அந்தத் தாளைக் கிழித்துக் கொண்டுபோய்க் காட்டினோம். ஏனென்றால் சேலைன் ஏற்றினாலோ ஸ்டீரொய்ட் ஊசி போட்டாலோ, இறங்கிய நீர் திரும்ப ஏறிவிடலாம்.