பையனை எந்தக் கோச்சை நம்பி அனுப்புவது?

என் மகன் அமெரிக்கன் ஃபுட்பாலில் ஆஃபென்சிவ் லைன்மேன், அதாவது பந்து வைத்திருக்கும் தன் டீம்காரரை எதிராளிகள் நெருங்காமல் முன்வரிசையில் தடுப்பவன். ஹைஸ்கூல் கடைசி வருஷத்தில் மூன்று காலேஜ் கோச்சுகள் எங்கள் வீட்டுக்கு வந்து பேசினார்கள். "உங்க பையனை என்.எஃப்.எல்.லுக்குத் தயார் பண்ணுவோம்" என்று அந்தத் தொழில்முறை லீக்கைக் காட்டி மூவருமே சொன்னார்கள். என்ன கேட்பதென்று தெரியாமல் தலையாட்டினேன். நாங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் இரண்டு வருஷம் வீணாகி, காலேஜ் மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு காலேஜுக்கு மாறினான். அந்த அவதி உங்களுக்கு வரக்கூடாது.

ஜெயிக்கத்தான் கோச்சுக்குச் சம்பளம். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. 2023 நவம்பரில் ஹெட் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்குவதற்கு டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் சுமார் 7.6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அப்படிப்பட்ட வேலையில் இருப்பவரிடம் "வெற்றி முக்கியமா, பையன் முக்கியமா?" என்று கேட்டால் இரண்டும்தான் என்பார். இரண்டும் சேர்ந்து நடக்கவும் நடக்கும். 2019 சீசனில் 15 ஆட்டத்தையும் ஜெயித்த லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து (எல்.எஸ்.யு.) அடுத்த டிராஃப்டில், அதாவது என்.எஃப்.எல். டீம்கள் காலேஜ் வீரர்களை எடுக்கும் தேர்வில், 14 பேர் தேர்வானார்கள். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி அமையாது. எங்கே இரண்டும் பிரிகிறது என்பதைத்தான் நீங்கள் துருவிப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் ஆட்ட முறையில்தான் பிரியும். காலேஜில் முன்னோக்கிப் பாஸ் போடும்போது லைன்மேன் 3 யார்டு வரை முன்னே போகலாம், என்.எஃப்.எல்.லில் 1 யார்டுதான். அந்தச் சலுகையை வைத்தே பல டீம்கள் ஜெயிக்கின்றன. என் மகன் முதலில் சேர்ந்த டீமும் அப்படித்தான், வேகமாக ஆடி நிறைய ஜெயித்தது. ஆனால் லைன்மேன்கள் கையைத் தரையில் ஊன்றியதே இல்லை, எப்போதும் நின்ற நிலைதான்.

புது காலேஜில் முதல் பயிற்சியை வேலி ஓரமாக நின்று பார்த்தேன். ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனியும் மூன்று புள்ளி ஸ்டான்ஸில் இறங்கச் சொன்னார்கள். விரல் நுனியில் தாங்க வேண்டிய பாரம் என் மகனுக்கு உள்ளங்கை முழுக்க அழுந்தியிருந்தது. பந்து நகர்ந்ததும் தலைதான் முதலில் எழுந்தது. எதிரே இருந்தவன் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து ஒரே தள்ளில் மல்லாத்திவிட்டான். இரண்டு வருஷமாக ஜெயித்த டீமில் இருந்தவன் என் மகன்! வயிறு கலங்கிவிட்டது எனக்கு.

அதனால் ஹெட் கோச்சின் பேச்சோடு நிறுத்தாமல், உங்கள் பையன் ஆடும் இடத்துக்கென்றே பயிற்சி தரும் பொசிஷன் கோச்சிடம் போங்கள். கை ஊன்றி எத்தனை ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது), பாஸ் போடும் குவார்ட்டர்பேக் அந்தப் பந்தைத் தரும் சென்டருக்குப் பின்னாலேயே நின்று பந்து வாங்குவது எத்தனை முறை என்று கேளுங்கள். அனுமதி கிடைத்தால் வாரநாள் பயிற்சியைப் பாருங்கள், சனிக்கிழமை ஆட்டத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள். சனிக்கிழமை களமிறங்காத மூன்றாம் வரிசைப் பையனின் காலடியைத் திருத்த யாராவது நேரம் செலவழிக்கிறார்களா? எனக்கு இதைவிடப் பெரிய அடையாளம் கிடையாது.

படிப்பு விஷயத்தை மழுப்ப விடாதீர்கள். காலேஜ் விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கணக்கிலேயே என்.எஃப்.எல். போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மற்றவர்களுக்கு டிகிரிதான் தொழில். சீசனில் வாரம் 20 மணி நேரம்தான் பயிற்சி என்பது விதி. "விருப்பப்பட்டால் வரலாம்" என்கிற பயிற்சியெல்லாம் அந்தக் கணக்கில் வராது. லேப் வகுப்பு இருந்த நாளில் என்ன நடந்தது என்று பெஞ்சில் இருக்கும் பையன்களைத் தனியாகக் கேளுங்கள், உள்ளதைச் சொல்வார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: "போன வருஷம் முடித்த லைன்மேன்கள் இப்போ எங்கே?" முதல் காலேஜில் இதைக் கேட்டிருந்தால் டிராஃப்டில் போன ஒருவர் பெயர் மட்டும்தான் வந்திருக்கும். இரண்டாவது காலேஜ் கோச் ஐந்து பேரையும் பெயர் சொல்லிச் சொன்னார். ஒருவர் என்.எஃப்.எல். பிராக்டிஸ் ஸ்குவாடில் (பயிற்சிக்கான கூடுதல் வீரர்கள் குழு), இருவர் வேலையில், ஒருவர் ஹைஸ்கூல் கோச். ஐந்தாவது பையனுக்கு இன்னும் வேலை அமையவில்லை, அவனுக்காக இன்று ராத்திரி ஒருவரிடம் பேச வேண்டும் என்றார்.