ஆயிலில் உலோகத் துகள்: ரிப்போர்ட்டை நம்புவதற்கு முன்

எஞ்சின் ஆயிலை லேபுக்கு அனுப்பி வாங்கிய ரிப்போர்ட்டில் இரும்பு குறைவு, அதனால் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதுதான் இதில் பெரிய தவறு. எஞ்சினையே இறக்க வைக்கிற தவறு.

லேபில் வழக்கமாகப் பயன்படும் ஸ்பெக்ட்ரோமீட்டர், ஆயிலைக் கடும் வெப்பத்தில் ஒளிரவைத்து எந்த உலோகம் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று சொல்லும். ஆனால் சுமார் 5 முதல் 8 மைக்ரானைத் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டிய துகள்கள் அதில் சரியாகப் பதிவாவதில்லை. சிலிண்டர் லைனரும் பிஸ்டன் ரிங்கும் மெல்லத் தேய்வது நுண்ணிய தூளாக வரும், அது தெரிந்துவிடும். பேரிங் உரிய ஆரம்பித்தால் வருவது சில்லு. நாம் பயப்பட வேண்டிய அந்தச் சில்லுதான் கணக்கில் விட்டுப்போகிறது. காந்த முறையில் அளக்கும் பிக்யூ இண்டெக்ஸும் சேர்த்துக் கேளுங்கள், பெரிய இரும்புத் துகளை அது காட்டும். பேரிங்கிலிருந்து வரும் ஈயமும் செம்பும் அதில் வராது.

ஆகவே கழற்றிய ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள், வெட்டிப் பாருங்கள். ஹாக்ஸா பிளேடால் அறுக்கவே கூடாது; அறுத்த தூள் உள்ளே விழுந்து, எஞ்சினிலிருந்து வந்தது எது என்றே தெரியாமல் போகும். தகரத்தைச் சுற்றி வெட்டும் ஃபில்டர் கட்டர் கிடைக்கிறது. மடிப்புத் தாளைத் தனியே எடுத்து, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்துப் பாருங்கள். பிறகு காந்தம். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் மினுக்கினால் பிஸ்டன் அலுமினியமாகவோ பேரிங் மெட்டலாகவோ இருக்கலாம். “காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை” என்று நிம்மதி அடைவதற்கு இதில் எதுவுமில்லை. டிரெயின் போல்ட் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தால் பெரும்பாலும் சாதாரணத் தேய்மானம்தான். விரலில் குத்தும் செதில் இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

சாம்பிள் எடுப்பதிலும் கோளாறு நடக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் துகள் அடியில் படிந்திருக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே, போல்ட்டைச் சுற்றித் துடைத்துவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வரும் ஆயிலைப் பிடியுங்கள். குடித்து முடித்த தண்ணீர் பாட்டில் வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எடுப்பது முக்கியம்.

100 மணி நேரம் ஓடிய ஆயிலில் 40 பிபிஎம் இரும்பும், 500 மணி நேரம் ஓடியதில் அதே 40-ம் ஒன்றல்ல. இடையில் ஊற்றிய டாப்-அப்பும் அளவைக் குறைத்துக் காட்டும். ஓடிய மணி நேரத்தையும் ஊற்றிய லிட்டரையும் எழுதாமல் அனுப்பினால் அந்தப் பணம் வீண். பிரிக்காத புது ஆயிலிலிருந்தும் ஒரு சாம்பிள் அனுப்புங்கள். துத்தநாகமும் மாலிப்டினமும் பல ஆயில்களில் கம்பெனியே சேர்ப்பவை. அவற்றைத் தேய்மானம் என்று எண்ணிப் பதற வேண்டாம்.

செம்பு மட்டும் ஏறி, ஈயமும் தகரமும் (டின்) ஏறாமலிருந்தால் ஆயில் கூலரிலிருந்து கரைந்து வந்ததாக இருக்கலாம். மூன்றும் சேர்ந்து ஏறினால் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

மண்ணில் இருக்கும் சிலிக்கான், புது எஞ்சினில் கசிவை அடைக்கும் சீலன்ட்டிலிருந்தும் வரும். ஓடித் தேய்ந்த எஞ்சினில் சிலிக்கானும் அலுமினியமும் இரும்பும் சேர்ந்து ஏறினால் பெரும்பாலும் எஞ்சினுக்குள் மண் போகிறது. எஞ்சினைப் பிரிக்கும் முன், ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். தூசி ஒட்டினால், முதலில் மாற்ற வேண்டியது அந்த ஹோஸ் கிளிப்பாகக்கூட இருக்கலாம்.